டிராக்டர் மின்கம்பிகள்: போகும் வழியும் திரும்பும் வழியும்

ஏரும் மாடும் செய்துவந்த வேலையின் பெரும்பகுதியை இன்று நம் கிராமங்களில் டிராக்டர் செய்துவருகிறது. காஞ்சிபுரம் மாவட்டத்தில் பாலாற்றங்கரையில் அமைந்துள்ள பழையசீவரத்தையும் அதனைச் சூழ்ந்த ஊர்களையும் எடுத்துக்கொள்வோம். சொர்ணவாரி, சம்பா, நவரை என்னும் மூன்று பட்டங்களிலும் நெல் பயிராகும் பகுதி இது. ஒரு பட்டத்தின் அறுவடைக்கும் அடுத்த பட்டத்தின் சேற்றுழவுக்கும் இடையே உழவருக்குக் கிடைக்கும் நாட்கள் மிகச் சில. அந்நாட்களில், நீர் பாய்ச்சி வைத்த வயலின் முன் வந்து நிற்கும் டிராக்டர், சாவியைத் திருப்பியதும் 'டக்' என்ற ஓர் ஒலியோடு அடங்கிவிட்டால், அன்றைய உழவு நின்றுவிடுகிறது. நடவுக்கு வந்த ஆட்களும் காத்து நிற்கின்றனர்.

இது பகலில் நேரும் தொல்லை. இரவில் நேர்வது இதனினும் கொடிது. செங்கற்பட்டிலிருந்து காஞ்சிபுரம் செல்லும் சாலை பழையசீவரத்தின் வழியாகவே செல்கிறது. நெல் மூட்டையோ வைக்கோலோ கரும்போ ஏற்றிய டிரெயிலர் ஒன்று பின்விளக்கு எரியாமல் இச்சாலையில் மெல்லச் செல்லுமாயின், பின்னால் விரைந்து வரும் இருசக்கர வண்டிக்காரருக்கு அது இருளோடு இருளாகவே தோன்றும். அருகில் வந்த பின்னரே அதைக் காண்பார்; அப்பொழுது வண்டியை நிறுத்தப் போதிய தூரம் இராது.

முற்காலத்தில் மாட்டு வண்டியின் அச்சுக்குக் கீழே அரிக்கன் விளக்கைத் தொங்கவிட்டு இரவுப் பயணம் செய்தனர். அவ்விளக்கு எரிய எண்ணெயும் திரியும் போதும். எரியாவிட்டால் காரணமும் கண்ணுக்குத் தெரியும். மின்விளக்கின் நிலை வேறு. அதன் குறை கம்பிக்குள் மறைந்து நிற்கிறது. ஆகவே விளக்கு எரியவில்லை என்றால் பல்பை மாற்றுகிறோம். வண்டி கிளம்பவில்லை என்றால் பாட்டரியை மாற்றுகிறோம். பல ஆயிரம் ரூபாய் செலவிட்டுப் புதுப் பாட்டரி வைத்த பின்னும் அதே 'டக்' ஒலி கேட்பதுண்டு. ஏனெனில், இத்தகைய குறைகளுள் பல பாட்டரியிலும் இல்லை, பல்பிலும் இல்லை. துருவேறித் தளர்ந்துபோன ஓர் இணைப்பில் உள்ளன. அதிலும், மின்சாரம் பாட்டரிக்குத் திரும்பிச் செல்லும் வழியிலுள்ள இணைப்புத்தான் பெரும்பாலும் எவர் கவனத்துக்கும் வராமல் கிடக்கிறது. அதனைப் பற்றியே இங்கு விளக்க விரும்புகிறோம்.

மின்சாரம் திரும்பியாக வேண்டும்

ஏரி மதகைத் திறந்தால் நீர் வாய்க்கால் வழியே வயலை அடைகிறது. அந்நீர் ஏரிக்குத் திரும்ப வேண்டியதில்லை. மின்சாரமோ அவ்வாறன்று. பாட்டரியின் நேர்முனையிலிருந்து புறப்பட்ட மின்னோட்டம், விளக்கையோ ஹாரனையோ ஸ்டார்ட்டரையோ கடந்து, எதிர்முனைக்கு மீண்டும் வந்து சேர வேண்டும். திரும்பும் வழி அடைபட்டால் போகும் வழியிலும் ஓட்டம் நின்றுவிடும். திரும்பும் வழி குறுகினால் போகும் ஓட்டமும் அந்த அளவுக்குக் குறைந்துவிடும்.

ஆனால் டிராக்டரில் ஒவ்வொரு விளக்குக்கும் ஒரு கம்பி செல்வதைத்தான் காண்கிறோம். திரும்பி வரும் கம்பி எங்கே? வண்டியின் இரும்பு உடலே அந்தக் கம்பி. விளக்கின் கூடு இரும்புத் தகட்டில் முடுக்கப்பட்டுள்ளது. தகடு சட்டத்தோடும் என்ஜினோடும் இணைந்துள்ளது. என்ஜினிலிருந்து தடித்த கேபிள் ஒன்று பாட்டரியின் எதிர்முனைக்குச் செல்கிறது. இவ்வாறு செய்வதால் செம்புக் கம்பியின் தேவை ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது. மெக்கானிக்குகள் 'எர்த்' என்றும் 'பாடி எர்த்' என்றும் கூறுவது இத்திரும்பு வழியையே.

இதே முறையைப் பழையசீவரம் ரயில் நிலையத்திலும் காணலாம். செங்கற்பட்டு–அரக்கோணம் பாதையில் ஓடும் மின்சார ரயிலுக்கு மேலே ஒரு கம்பியே செல்கிறது. 25,000 வோல்ட் அழுத்தத்தில் அதன் வழியே வரும் மின்சாரம், வண்டியின் மோட்டார்களை இயக்கும் வேலையைச் செய்துவிட்டு, சக்கரங்களின் வழியே தண்டவாளத்தில் இறங்கி, அவ்வழியே துணை மின்நிலையத்துக்குத் திரும்புகிறது. ரயிலுக்குத் தண்டவாளம் எதுவோ, டிராக்டருக்கு அதன் இரும்பு உடல் அதுவே.

மற்றோர் உவமையும் அருகிலேயே உள்ளது. பழையசீவரத்துக்கு எதிர்க்கரையில் திருமுக்கூடலில் பாலாறு, செய்யாறு, வேகவதி ஆகிய மூன்றும் கூடுகின்றன. வெவ்வேறு வழிகளில் வந்த நீர் அங்கிருந்து ஒரே ஆறாகச் செல்கிறது. அதுபோலவே முன்விளக்கு, பின்விளக்கு, ஹாரன், ஸ்டார்ட்டர் ஆகியவற்றுக்குத் தனித்தனிக் கம்பிகளில் சென்ற மின்னோட்டம் யாவும் வண்டியின் உடலில் ஒன்றுகூடி, எதிர்முனைக் கேபிள் ஒன்றின் வழியாகவே பாட்டரியை அடைகிறது. ஆகவே அந்த ஒரு கேபிளின் இரு முனைகள் பழுதடைந்தால் வண்டியின் மின்கருவிகள் அனைத்துக்கும் கேடு விளைகிறது.

சிறு துருவும் பெரு நட்டமும்

"துரு சிறிதுதானே இருக்கிறது, விளக்குத்தான் எரிகிறதே" என்று நினைப்பது இயல்பு. இங்கு ஒரு சிறு கணக்கு உதவும். மின்தடையும் மின்னோட்டமும் சேர்ந்தே மின்னழுத்த இழப்பை உண்டாக்குகின்றன என்பதை ஜெர்மானிய அறிஞர் ஜார்ஜ் ஓம் 1827ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் விளக்கினார். ஓட்டத்தைத் தடையால் பெருக்கினால் எத்தனை வோல்ட் வீணாகிறது என்பது தெரியும்.

பாட்டரி முனையில் படிந்த துருவினால் நூறில் ஒரு பங்கு ஓம் மின்தடை ஏற்பட்டிருப்பதாகக் கொள்வோம். 60 வாட் முன்விளக்கு 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் ஓட்டத்தை இழுக்கிறது. அப்போது துருவில் வீணாவது வோல்ட்டில் இருபதில் ஒரு பங்கு மட்டுமே. விளக்கு நன்றாகவே எரியும். ஆனால் டீசல் என்ஜினைச் சுழற்றும் ஸ்டார்ட்டருக்கு ஏறத்தாழ 300 ஆம்பியர் தேவைப்படுவதாக வைத்துக்கொள்வோம். அந்த ஓட்டத்துக்கு அதே துரு 3 வோல்ட்டை விழுங்கிவிடும். 12 வோல்ட்டில் கால் பங்கு துருவிலேயே போய்விட்டால் ஸ்டார்ட்டருக்கு வலிமை ஏது? ஆகையால்தான் விளக்கு எரிகிறது, ஹாரன் ஒலிக்கிறது, ஆனால் வண்டி கிளம்பவில்லை. பாட்டரியில் குறையில்லை என்றாலும் பழி அதன்மேல் விழுகிறது.

அந்த 3 வோல்ட் எங்கே போகிறது? வெப்பமாக மாறுகிறது. 300 ஆம்பியரை 3ஆல் பெருக்கினால் 900 வாட். துணி தேய்க்கும் மின்சார இஸ்திரிப் பெட்டியின் சூட்டுக்கு இது நிகர். எனவே ஸ்டார்ட்டரைச் சில நொடிகள் சுழற்றிய பின் ஓர் இணைப்பு மட்டும் சுடுமாயின், குறை அங்கேதான் என்று அறியலாம். கையைச் சற்றுத் தொலைவில் வைத்துப் பார்த்து, சூட்டை அறிந்த பின்னரே தொடுதல் நன்று.

விளக்குகளுக்கும் இழப்பு சிறிதன்று. இழை பல்புக்குச் செல்லும் மின்னழுத்தம் 10 சதவீதம் குறைந்தால் அதன் ஒளி ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்துவிடும். பின்விளக்கு எரிகிறது என்று நாம் மனநிறைவு கொள்ளலாம். பின்னால் வருபவருக்கு அது தெரிய வேண்டுமே.

குறை தோன்றும் இடங்கள்

சேற்றுழவு செய்யும் டிராக்டரில் சேற்றுநீர் எல்லா மூட்டுகளிலும் தெறிக்கிறது. நீர் காய்ந்தபின் தங்கும் உப்பும் மண்ணும் ஈரத்தை ஈர்த்துத் துருவை வளர்க்கின்றன. என்ஜினின் அதிர்வு மரைகளைத் தளர்த்துகிறது. நெல் சேர்த்து வைக்கும் கொட்டகையில் நிறுத்திய வண்டியில் எலிகள் கம்பியுறையைக் கடிக்கின்றன. இவற்றை மனத்திற்கொண்டு கீழ்க்கண்ட இடங்களை முதலில் பார்க்க வேண்டும்.

முதலாவது, பாட்டரியின் இரு முனைகளும் அவற்றைப் பற்றும் கிளாம்புகளும். வெண்மையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் அது அமிலத்தால் விளைந்த அரிப்பு. இரண்டாவது, எதிர்முனைக் கேபிள் என்ஜினிலோ சட்டத்திலோ முடுக்கப்பட்ட இடம். இங்கு வண்ணப்பூச்சுக்கு மேலேயே முடுக்கியிருப்பார்கள். வண்ணம் மின்சாரத்தைக் கடத்தாது. மூன்றாவது, விளக்குக் கூடுகள் மட்கார்டில் பொருந்தும் இடம். நான்காவது, டிரெயிலரின் கொக்கியும் செருகியும். ஐந்தாவது, கம்பிகள் தகட்டுத் துளைகளின் வழியே நுழையும் இடம். அங்கு ரப்பர் வளையம் இல்லையேல் தகட்டின் கூர்விளிம்பு நாளடைவில் கம்பியுறையை அறுத்துவிடும்.

சரக்கு ஆட்டோ, சிறு லாரி முதலிய வண்டிகளில் மற்றோர் இடமும் உண்டு. அவற்றில் என்ஜின் ரப்பர்த் தாங்கிகளின் மேல் அமர்ந்துள்ளது. ரப்பர் மின்சாரத்தைத் தடுக்கும். ஆகவே என்ஜினையும் சட்டத்தையும் இணைக்கச் செம்பிழைகளால் பின்னிய பட்டை ஒன்று வைத்திருப்பார்கள். அது அறுந்தால் ஸ்டார்ட்டரின் பேரோட்டம் வேறு வழி தேடி, ஆக்ஸிலரேட்டர் கேபிள் அல்லது கிளட்ச் கேபிளின் வழியே திரும்ப முயலும். மெல்லிய அந்தக் கேபிள்கள் காரணமின்றிச் சூடேறுவதைக் கண்டால் பின்னல் பட்டையைச் சோதிக்க வேண்டும்.

சோதிக்கும் முறை

இதற்கு வேண்டிய கருவி சிறிய மல்டிமீட்டர் ஒன்றே. வண்டியை நியூட்ரலில் நிறுத்தி, சக்கரங்களுக்கு அடை கொடுத்து, என்ஜின் கிளம்பாதபடி டீசலை நிறுத்தும் குமிழை இழுத்துவைக்க வேண்டும். மின்விசிறிப் பட்டையின் அருகே வேட்டியோ துண்டோ தொங்கக்கூடாது.

மீட்டரை 20 வோல்ட் நேர்மின் அளவில் வைத்து முதலில் பாட்டரியை அளக்கவேண்டும். ஓய்ந்து நிற்கும் நல்ல பாட்டரி 12.6 வோல்ட் அளவு காட்டும். பின்னர் மீட்டரின் ஒரு முள்ளைப் பாட்டரியின் எதிர்முனைத் தண்டிலும், மற்றொன்றை ஸ்டார்ட்டரின் உலோக உடலில் சுத்தமான ஓரிடத்திலும் வைத்துக்கொண்டு, ஒருவரை ஸ்டார்ட்டரைச் சில நொடிகள் சுழற்றச் சொல்ல வேண்டும். அப்போது மீட்டர் 0.2 வோல்ட்டுக்குள் காட்டினால் திரும்பு வழி நன்றாக உள்ளது. 0.5 வோல்ட்டைத் தாண்டினால் பழுது உறுதி. இனி ஸ்டார்ட்டர் பக்கத்து முள்ளைப் படிப்படியாகப் பாட்டரியை நோக்கி நகர்த்த வேண்டும்: என்ஜின் உடல், கேபிளின் கடைசி முனை, கிளாம்பு என்று ஒவ்வோர் இடமாக வைத்துச் சுழற்றிப் பார்த்தால், எந்த இரண்டு இடங்களுக்கு நடுவே அளவு திடீரென்று இறங்குகிறதோ அங்கேதான் குறை ஒளிந்துள்ளது. நேர்முனைப் பக்கத்தையும் இவ்வாறே சோதிக்கலாம்.

மீட்டர் இல்லாதவரும் விளக்கைச் சோதிக்கலாம். மங்கலாக எரியும் விளக்கின் உலோகக் கூட்டிலிருந்து தனிக்கம்பி ஒன்றைப் பாட்டரியின் எதிர்முனைக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். உடனே விளக்கு பளிச்சென்று எரிந்தால், பல்பும் போகும் கம்பியும் நலம், திரும்பு வழிதான் கெட்டது என்பது தெளிவு. எந்தச் சோதனையிலும் நேர்முனையையும் எதிர்முனையையும் ஒரே கம்பியால் இணைத்துவிடக்கூடாது.

நல்ல இணைப்பைச் செய்வது எப்படி?

பாட்டரியைக் கழற்றும்போது எதிர்முனையை முதலில் கழற்ற வேண்டும். மாட்டும்போது அதனைக் கடைசியில் மாட்ட வேண்டும். எதிர்முனை கழற்றப்பட்ட பின், நேர்முனையில் வேலை செய்யும் ஸ்பானர் தவறி வண்டியின் உடலில் பட்டாலும் பொறி பறக்காது. பாட்டரியிலிருந்து தீப்பற்றக்கூடிய ஹைட்ரஜன் வாயு வெளிவருவதால் அருகில் பீடி, தீக்குச்சி ஆகியன கூடவே கூடா.

அரித்த முனைகளை, சமையல் சோடா கரைத்த நீரால் கழுவலாம். அந்நீர் பாட்டரியின் துளைகளுக்குள் செல்லாதபடி மூடிகளை இறுக்கிவிட வேண்டும். கண்ணையும் கையையும் காத்துக்கொள்வது அவசியம். பிறகு உப்புத்தாள் கொண்டு ஈயம் பளபளக்கும் வரை தேய்த்து, கிளாம்பை இறுக முடுக்கி, அதன் மேல் பெட்ரோலியம் ஜெல்லி பூச வேண்டும். பாட்டரியில் நீர் குறைந்தால் வடித்த நீரையே ஊற்ற வேண்டும். கிணற்று நீரிலும் போர் நீரிலும் கரைந்துள்ள உப்புகள் தகடுகளைக் கெடுத்துவிடும்.

உடல் இணைப்புக்கு, போல்ட்டைக் கழற்றி, ஒரு ரூபாய் நாணய அளவுக்கு வண்ணத்தையும் துருவையும் சுரண்டி, வெள்ளை இரும்பு தெரியச் செய்ய வேண்டும். பல் வைத்த வாஷரை இட்டு முடுக்கினால் அதன் பற்கள் உலோகத்தைக் கவ்விக்கொள்ளும். முடுக்கிய பின் வெளிப்புறத்தில் கிரீஸோ வண்ணமோ பூசினால் ஈரம் புகாது. முதலில் முடுக்குதல், பின்னர் பூசுதல் என்னும் வரிசை மாறக்கூடாது.

இரண்டு கம்பிகளை முறுக்கி டேப் சுற்றுவது ஒருநாள் தேவைக்கு உதவும். என்ஜின் சூட்டில் பசை இளகி டேப் உரிந்துவிடும். கம்பி முனைக்குரிய உலோகக் காதைக் கருவி கொண்டு அழுத்திப் பொருத்தி, சூடுபட்டால் சுருங்கும் உறைக்குழாயை அதன்மேல் ஏற்றுவதே நிலையான முறை.

டிரெயிலருக்குத் தனித் திரும்பு கம்பி

டிரெயிலரின் பின்விளக்குகளிலிருந்து மின்சாரம் டிராக்டருக்கு எவ்வாறு திரும்புகிறது? தனிக்கம்பி இல்லாத டிரெயிலரில் கொக்கியும் அதில் செருகிய ஊசியுமே வழி. கிரீஸும் மண்ணும் துருவும் படிந்து, வண்டி குலுங்கும்போதெல்லாம் விலகி விலகிப் படும் அந்த மூட்டை நம்பி ஓர் உயிர்காக்கும் விளக்கை எரிப்பது எவ்வகையில் பொருந்தும்? மேட்டில் எரிந்து பள்ளத்தில் அணையும் விளக்குக்குக் காரணம் இதுவே.

இக்குறைக்கு மற்றோர் அடையாளமும் உண்டு. வலப்பக்கத் திருப்ப விளக்கைப் போட்டால் பின்விளக்குகளும் கூடவே மின்னும். பிரேக்கை மிதித்தால் திருப்ப விளக்கு மங்கலாக எரியும். தனக்குரிய திரும்பு வழி அடைபட்ட மின்னோட்டம் மற்ற பல்புகளின் வழியே திரும்ப முயல்வதால் இவ்விந்தை நிகழ்கிறது. இதைக் கண்டவுடன் பல்புகளை மாற்றத் தொடங்காமல் திரும்பு வழியைத் தேட வேண்டும்.

டிரெயிலருக்கெனத் தனித் திரும்பு கம்பி ஒன்றை விளக்குகளிலிருந்து செருகி வரை இழுத்து, செருகியின் வழியாக டிராக்டரின் எதிர்முனை இணைப்போடு சேர்ப்பதே நிலையான தீர்வு. ஏழு முனைச் செருகியில் பன்னாட்டு வழக்கப்படி மூன்றாம் முனை இதற்கெனவே ஒதுக்கப்பட்டுள்ளது.

இக்கம்பி பருமனாக இருத்தல் வேண்டும். எல்லா விளக்குகளின் ஓட்டமும் இதன் வழியே திரும்புகிறதன்றோ? 21 வாட் பிரேக் விளக்குகள் இரண்டு, 21 வாட் திருப்ப விளக்கு ஒன்று, 5 வாட் பின்விளக்குகள் இரண்டு ஆகிய யாவும் ஒருசேர எரிந்தால் ஏறத்தாழ 6 ஆம்பியர் ஓடும். 6 மீட்டர் நீளத்துக்கு அரை சதுர மில்லிமீட்டர் பருமனுள்ள மெல்லிய செம்புக்கம்பியைப் போட்டால் 1.2 வோல்ட்டுக்கு மேல் அதிலேயே வீணாகும். 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பியானால் கால் வோல்ட் மட்டுமே இழப்பு. இரண்டுக்கும் விலையில் உள்ள வேறுபாடு பெரிதன்று. சாலையில் அதன் பயன் பெரிது. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் பின்புறச் சிவப்பு விளக்கையும் பிரதிபலிப்பான்களையும் வலியுறுத்துகின்றன. விளக்கு பழுதான வேளையிலும் துடைத்து வைத்த பிரதிபலிப்பான் பின்வருபவரை எச்சரிக்கும்.

ப்யூஸின் வேலை

12 வோல்ட் தொட்டால் அதிர்ச்சி தராது. ஆகையால் அதனால் தீங்கில்லை என்று எண்ணுவோர் பலர். தீங்கு அதிர்ச்சியில் இல்லை, வெப்பத்தில் உள்ளது. உறை அறுந்த நேர்க்கம்பி வண்டியின் உடலைத் தொட்டால், பாட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியர் ஓட்டத்தை அக்கம்பியில் செலுத்தும். சில நொடிகளில் கம்பி பழுக்கக் காய்ந்து உறை எரியும். வைக்கோல் ஏற்றிய வண்டியில் இதன் விளைவைக் கூறவும் வேண்டுமோ?

இதைத் தடுப்பதே ப்யூஸின் வேலை. ப்யூஸ் பல்பைக் காப்பதற்காக ஏற்பட்டதன்று. கம்பியைக் காப்பதற்காக ஏற்பட்டது. அது அடிக்கடி எரிந்துபோனால், எங்கோ ஒரு கம்பி உடலில் உரசுகிறது என்று அது நமக்கு அறிவிக்கிறது. சிகரெட் பெட்டியின் ஈயத்தாளையோ செம்புக்கம்பியையோ அதனிடத்தில் செருகுவது, அறிவிப்பவன் வாயை அடைப்பதற்கு ஒப்பாகும். குறிக்கப்பட்ட ஆம்பியர் அளவுள்ள ப்யூஸையே போட வேண்டும். புதிதாக விளக்கோ ஒலிபெருக்கியோ பொருத்துவோர், பாட்டரிக்கு அருகிலேயே தனி ப்யூஸ் வைத்து, மிகு ஓட்டத்துக்கு ரிலே ஒன்றையும் சேர்ப்பது முறை. பழைய விளக்குக் கம்பியிலிருந்து பிரித்துக் கிளை எடுத்தல் கூடாது.

இரு வகை 'எர்த்'

உழவர்கள் மனத்தில் ஒரு குழப்பம் ஏற்படுதல் இயல்பு. பம்புசெட்டுக்கும் எர்த் என்கிறோம், டிராக்டருக்கும் எர்த் என்கிறோம். இரண்டும் ஒன்றல்ல. டிராக்டரின் எர்த் மண்ணோடு தொடர்புடையதன்று. ரப்பர் டயர்களின் மேல் நிற்கும் வண்டிக்கு அத்தொடர்பு தேவையுமில்லை. அது பாட்டரிக்குத் திரும்பும் வழி மட்டுமே. பம்புசெட்டின் எர்த்தோ மண்ணில் புதைத்த குழாயோடு இணைந்து, மோட்டாரின் உடலில் மின்சாரம் கசிந்தால் அதனை நிலத்தில் செலுத்தி, தொடுபவரின் உயிரைக் காப்பது. முன்னது கெட்டால் வேலை கெடும். பின்னது கெட்டால் உயிருக்கே ஆபத்து. பம்புசெட்டு இணைப்பில் உழவர் தாமே கைவைக்காமல் உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டே சோதிக்க வேண்டும்.

இவ்வேறுபாடு பஞ்சாயத்துக்களில் குப்பை சேகரிக்கும் பாட்டரி வண்டிகளைப் பொறுத்தவரை மிக முக்கியமானது. வண்டியை மின்னேற்றம் செய்யும் இடத்தில் வருவது வீட்டு மின்சாரம். அங்கு மூன்று முனைச் செருகியும், மண்ணோடு முறையாக இணைத்த எர்த்தும், கசிவு நேர்ந்தால் தானே துண்டிக்கும் காப்புக் கருவியும் இருத்தல் வேண்டும். வண்டியை இயக்கும் பெரிய பாட்டரித் தொகுதியில் டிராக்டருக்குச் சொன்ன முறைகளைக் கையாளாமல், தயாரிப்பாளரின் கைநூலைப் பின்பற்றுக.

பழைய வண்டியும் புதிய வண்டியும்

பிரிட்டனிலிருந்து முற்காலத்தில் வந்த பெர்குசன் போன்ற பழைய டிராக்டர்களில் நேர்முனையே வண்டியின் உடலோடு இணைக்கப்பட்டிருந்தது. இன்றைய வண்டிகளில் எதிர்முனையே உடலோடு சேர்கிறது. பழைய வண்டியைப் பேணிவருவோர் பாட்டரியை மாற்றுமுன் இதனைப் பார்த்துக்கொள்ள வேண்டும். முனை மாற்றிக் கொடுத்தால் ஆல்டர்னேட்டரின் டயோடுகள் ஒரு கணத்தில் எரிந்துவிடும்.

2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரத் ஸ்டேஜ் 6 விதிகளுக்கேற்பச் செய்யப்பட்ட சரக்கு வண்டிகளில் என்ஜினைக் கணினி ஒன்று ஆள்கிறது. என்ஜினின் சூடு, காற்றழுத்தம் ஆகியவற்றை உணர்கருவிகள் பெரும்பாலும் 5 வோல்ட்டுக்குட்பட்ட அளவுகளாக அதற்குத் தெரிவிக்கின்றன. திரும்பு வழியில் அரை வோல்ட் பிசகினாலும் கணினி தவறாகப் புரிந்துகொள்ளும். இவ்வண்டிகளில் வெல்டிங் செய்யுமுன் பாட்டரி இணைப்பைக் கழற்றிவிடுவதும், வெல்டிங் இயந்திரத்தின் எர்த் கிளாம்பை வெல்டிங் செய்யும் இடத்துக்கு மிக அருகில் மாட்டுவதும் மறக்கலாகாத விதிகள்.

பஞ்சாயத்து செய்யத்தக்கது

உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழர் காலத்துக் கல்வெட்டுக்கள் 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்தவை. குடவோலையால் வாரிய உறுப்பினரைத் தேர்ந்தெடுத்த முறையை அவை கூறுகின்றன என்பதை யாவரும் அறிவர். அவ்வாரியங்களுள் ஒன்று ஏரி வாரியம். ஏரியை வெட்டியதோடு ஊரார் கடமை தீர்ந்துவிடவில்லை. ஆண்டுதோறும் அதனைப் பேணுவதற்கென்றே ஒரு குழுவை வைத்தனர். பொறிகளையும் அம்முறையில் பேணுவது இக்காலத்துப் பஞ்சாயத்துக்கு இயலாத செயலன்று.

ஒவ்வொரு பட்டத்துக்கும் முன்பாக, ஊரிலுள்ள டிராக்டர்களையும் டிரெயிலர்களையும் பஞ்சாயத்து அலுவலகத்தின் முன் ஒருநாள் மாலையில் கூட்டலாம். தொழிற்பயிற்சி நிலையத்தில் மோட்டார் மெக்கானிக் தொழில் பயின்ற இளைஞர் ஒருவரும், மல்டிமீட்டர் ஒன்றும், உப்புத்தாள், பல் வாஷர், ப்யூஸ் ஆகிய சிறு பொருள்களும் போதும். ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு தாளில், பாட்டரியின் வோல்ட் எவ்வளவு, ஸ்டார்ட்டரைச் சுழற்றும்போது திரும்பு வழியில் இழப்பு எவ்வளவு, டிரெயிலர் விளக்குகள் எரிகின்றனவா என்று குறித்துவைத்தால், அடுத்த பட்டத்தில் எது தேய்ந்துள்ளது என்பது எண்களிலேயே தெரிந்துவிடும். ஐயங்களை மாவட்ட வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலர்களிடம் கேட்டறியலாம்.

பழையசீவரத்தார்க்கு இதற்கு ஏற்ற நாள் பொங்கலுக்கு முந்திய வாரம். கனுநாளன்று காஞ்சி வரதராசப் பெருமாள் பாரிவேட்டைக்காக அவ்வூருக்கு எழுந்தருளுகின்றார். சாலை நெடுகிலும் மக்கள் நிறைந்திருக்கும் அந்த இரவிலும், சம்பா அறுவடைக்காக வண்டிகள் ஓயாது ஓடும் தை மாத இரவுகளிலும், ஒவ்வொரு டிரெயிலரின் பின்னும் இரண்டு சிவப்பு விளக்குகள் தெளிவாக எரிய வேண்டும். இதற்கு வண்டியொன்றுக்கு வேண்டியது ஒரு மணி நேர உழைப்பும் சில மீட்டர் கம்பியுமே. இவ்வாண்டிலேயே அம்முயற்சியைத் தொடங்குமாறு பஞ்சாயத்து உறுப்பினர்களையும் உழவர் பெருமக்களையும் வேண்டிக்கொள்கிறோம்.